மகனின் சைக்கிளும் உம்மாவின் இருக்கையும்



பிள்ளைகளைப் படிப்பிற்காக வெளியூர் அனுப்பி வைத்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். பயணத்திற்கு முந்திய இரவில் வீட்டின் நடுக்கூடம் எப்படிக் காட்சி தரும் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. பெட்டி, படுக்கைச் சுருள், வாளி, குவளை, ஊறுகாய்ப் புட்டி, உம்மம்மா தம் கையால் பொட்டலம் கட்டிக் கொடுத்த தொதல் என்று ஒரு சிறு கடையே அங்கே விரிந்து கிடக்கும். அவற்றையெல்லாம் ஒரு சிறிய காருக்குள் அடக்குவது எப்படி என்று குடும்பத் தலைவர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்.

எங்கள் வீட்டிலும் அப்படியொரு இரவு வந்தது. கீழக்கரையிலிருந்து கோவைக்கு மறுநாள் விடியலில் புறப்பட வேண்டும். மகனுக்கு அங்கே பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. எல்லாப் பொருள்களும் கட்டி முடிந்த பின்னர், அவன் மெல்ல அருகில் வந்து, "வாப்பா, சைக்கிளையும் கொண்டு போகலாமா?" என்று கேட்டான்.

அது சாதாரணச் சைக்கிள் அன்று. பல ஆண்டுப் பெருநாள் காசைச் சேர்த்து வைத்து, குறைந்த தொகைக்கு நான் கைகொடுக்க, அவன் வாங்கிய மவுண்டன் பைக்; கியர் வைத்தது, பருத்த டயர் கொண்டது. விடுதிக்கும் வகுப்பிற்கும் நடுவே தொலைவு அதிகம் என்று அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் எங்கள் கார் பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் சின்னஞ்சிறு ஹேட்ச்பேக். சைக்கிள் ஏறினால் பின் இருக்கை போய்விடும். பின் இருக்கை போனால் யார் வீட்டில் தங்குவது?

அடுப்படியிலிருந்து பதில் வந்தது. "பரவாயில்லை, நான் இருந்துகொள்கிறேன். வாப்பாவும் மகனும் சைக்கிளோடு போய் வாருங்கள்."

பத்து நாள்களாக மகனுடன் சென்று அவன் தங்கப் போகும் அறையை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தாம். பெற்ற தாய் எப்போதும் விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கிறார் என்பதற்காக, ஒவ்வொரு முறையும் அவரையே விட்டுக்கொடுக்கச் செய்வது முறையாகுமா? மகனுக்கும் அது பொறுக்கவில்லை. "உம்மா வராவிட்டால் சைக்கிள் வேண்டாம்" என்றான். இருவரையும் அழைத்துச் செல்ல வழியுண்டா என்று அன்றிரவு அளவு நாடாவும் கைவிளக்குமாகக் காரைச் சுற்றி வந்தேன். அந்தத் தேடலில் கற்றதையும், அதற்கு ஒரு மாதம் முன்பு செய்த ஒரு பெருந்தவற்றிலிருந்து கற்றதையும் உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் செய்த தவறு

முந்திய மாதம் அதே சைக்கிளைச் செப்பனிட இராமநாதபுரத்திற்குக் கொண்டு செல்ல வேண்டியிருந்தது. அவசரம். சக்கரங்களைக் கழற்றாமலேயே பின் சீட்டை மடக்கிச் சைக்கிளை உள்ளே திணித்தோம். பின் சக்கரம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. டிக்கிக் கதவை மூட முடியாததால், பாதி திறந்த நிலையிலேயே நைலான் கயிற்றால் கட்டினோம். மடங்காத மூலையில் பத்து வயது மகள் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டாள். "கொஞ்ச தூரம்தானே!" என்பதுதான் எங்கள் சமாதானம். வாசகர்களே, விபத்துகளில் பெரும்பாலானவை இந்தச் சொல்லிலிருந்துதானே பிறக்கின்றன?

பாதி வழியில் மகள், "தலை வலிக்குது வாப்பா, புகை நாத்தம் அடிக்குது" என்றாள். அவள் சொல்லி முடிக்கும் முன்பே ஓர் ஆட்டுக்குட்டி சாலையின் குறுக்கே பாய்ந்தது. பிரேக்கை மிதித்தேன். கார் நின்றது, சைக்கிள் நிற்கவில்லை. அது முன்னோக்கிச் சறுக்கி வந்து, அதன் பெடல் என் இருக்கையின் முதுகில் ஓங்கி இடித்தது. மகளின் முழங்கைக்கும் அந்தப் பெடலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. இறையருளால் எவருக்கும் ஒன்றும் நேரவில்லை. ஆனால் அன்று நான் கண்டது இரண்டு ஆபத்துகள். இரண்டையும் விளங்கிக்கொள்ளாமல் எவரும் சைக்கிளைக் காருக்குள் ஏற்றக் கூடாது.

முதலாவது, புகை. கார் ஓடும்போது அதன் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைகிறது. புகைக்குழாயிலிருந்து வெளிவரும் வாயு அங்கேயே சுழல்கிறது. டிக்கிக் கதவு திறந்திருந்தால் அந்த வாயு காருக்குள் இழுக்கப்படுகிறது. அதில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு கலந்திருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நமக்கு எட்டிய நாற்றம் அதனுடன் வந்த பிற புகையினுடையதே. அந்த நச்சு இரத்தத்தில் கலந்து, உயிர்க்காற்றைச் சுமக்கும் சக்தியைக் குறைத்துவிடுகிறது. முதல் அடையாளம் தலைவலியும் மயக்கமும்தான். பிள்ளைகள் பின்னால் அமர்ந்திருந்தால் அவர்களைத்தான் அது முதலில் தாக்கும். ஆகவே டிக்கிக் கதவு முழுமையாக மூடவில்லையென்றால் அந்தச் சைக்கிள் அந்தக் காருக்கு உரியதன்று என்று முடிவு செய்துவிடுங்கள்.

இரண்டாவது, எடை. ஒரு மவுண்டன் பைக் ஏறத்தாழ 14 கிலோ இருக்கும். நிற்கும்போது அது வெறும் 14 கிலோதான். கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது உள்ளே இருக்கும் சைக்கிளும் அதே வேகத்தில்தான் சென்றுகொண்டிருக்கிறது. கார் எதிலாவது மோதி நின்றால், கட்டப்படாத சைக்கிள் அதே வேகத்தோடு முன்னே பாயும். கணக்கிட்டுப் பார்த்தால், 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து, அந்தச் சைக்கிள் உங்கள் முதுகின்மீது விழுவதற்கு அது சமமாகும். நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகம் என்றால் அந்த உயரம் 25 மீட்டரைத் தொடுகிறது. சங்கிலிச் சக்கரத்தின் பற்கள், ஹேண்டில்பாரின் முனை, இரும்புப் பெடல் ஆகியவற்றை எண்ணிப் பாருங்கள். எப்படி உள்ளே நுழைப்பது என்று நாம் கேட்குமுன், எப்படி அசையாமல் வைப்பது என்றல்லவா கேட்க வேண்டும்?

இரண்டு வண்டிகளின் கதை

இந்த இரு வண்டிகளும் எங்கிருந்து வந்தன என்று சுருக்கமாகப் பார்ப்போம். பிரான்ஸ் நாட்டில் 1961ஆம் ஆண்டு ரெனோ 4 என்னும் கார் வெளிவந்தது. கிராமத்து உழவரும் நகரத்துக் குடும்பத்தாரும் ஒரே வண்டியில் ஆளையும் சரக்கையும் ஏற்றிச் செல்ல வேண்டும் என்பது அதன் நோக்கம். பின்புறம் முழுவதுமே மேல்நோக்கித் திறக்கும் ஒரு கதவாக அமைந்திருந்தது. 1974இல் ஜெர்மனியில் வந்த வோக்ஸ்வேகன் கோல்ஃப் இந்த அமைப்பை உலகெங்கும் பரப்பியது. நம் நாட்டில் 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது, நடுத்தரக் குடும்பங்கள் முதன்முதலாகப் பின்கதவு மேலே திறக்கும் சிறிய காருக்குப் பழகின. பின்னர் 2006ஆம் ஆண்டு மத்திய அரசின் வரவு செலவுத் திட்டத்தில், 4 மீட்டருக்கு மிகாத நீளமும் குறிப்பிட்ட அளவிற்கு உட்பட்ட எஞ்சினும் கொண்ட கார்களுக்கு உற்பத்தி வரி குறைக்கப்பட்டது. நம் தெருக்களில் நிற்கும் கார்களில் பலவும் அந்த 4 மீட்டர் எல்லைக்குள் சுருங்கி நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மவுண்டன் பைக்கின் பிறப்பிடம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். அங்கே மரின் பகுதியில் உள்ள டமால்பைஸ் மலைப்பக்கத்தில், 1970களில் சில இளைஞர்கள் பழைய பருத்த டயர்ச் சைக்கிள்களில் மண்பாதை வழியே இறங்கி விளையாடினர். 1976இல் அவர்கள் பந்தயமும் நடத்தினர். அவர்களுள் ஒருவரான ஜோ பிரீஸ், இந்த விளையாட்டுக்கென்றே தனிச் சட்டம் அமைத்துச் சைக்கிள் செய்தார். இருபது ஆண்டுகளில், 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கிலேயே அது ஒரு போட்டியாகிவிட்டது.

ஒன்று நெரிசலான தெருவிற்காகச் சுருங்கியது. மற்றொன்று மலைப்பாதைக்காக அகன்று நீண்டது. இவ்விரண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாக வைக்க வேண்டுமென்றால் சற்று அறிவைச் செலுத்தித்தான் ஆக வேண்டும்.

அளந்த பின்னரே தூக்குங்கள்

கார் வாங்கும்போது டிக்கியின் கொள்ளளவை லிட்டர் கணக்கில் சொல்வார்கள். 2018இல் வந்த மாருதி சுவிஃப்டின் டிக்கி 268 லிட்டர். 2019இல் வந்த வேகன் ஆரின் டிக்கி 341 லிட்டர். பெட்டிகளுக்கும் பைகளுக்கும் இந்தக் கணக்குப் பயன்படும். சைக்கிளுக்குப் பயன்படாது. சைக்கிள் கனமான பொருளன்று, நீளமான பொருள். ஆகவே லிட்டரை மறந்து நீளத்தையும் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

முதலில் சைக்கிளை அளப்போம். முன் சக்கரத்தின் அச்சிலிருந்து பின் சக்கரத்தின் அச்சு வரையுள்ள நீளம், 26 அங்குலச் சக்கரம் கொண்ட சைக்கிளில் ஏறத்தாழ 107 சென்டிமீட்டர். டயரோடு சேர்த்துச் சக்கரத்தின் குறுக்களவு ஏறத்தாழ 66 சென்டிமீட்டர். ஆகச் சைக்கிளின் முழு நீளம் 173 சென்டிமீட்டர். ஒரு நடுத்தர மனிதரின் உயரத்திற்கும் மேல். முன் சக்கரத்தைக் கழற்றினால் ஒரு பக்கத்து ஆரம் போய்விடும். மீதி 140. பின் சக்கரத்தையும் கழற்றினால் 107 சென்டிமீட்டர் மட்டுமே. இன்று மிகுதியாக விற்கும் 29 அங்குலச் சைக்கிளில் இந்தக் கணக்கு முறையே 189, 152, 115 என்று வரும். உங்கள் சைக்கிளில் சற்றுக் கூடலாம், குறையலாம். நாடா வைத்து நீங்களே அளந்து பாருங்கள்.

இப்போது காரை அளப்போம். பின் சீட்டை மடக்கிவிட்டு, மூடிய டிக்கிக் கதவின் உட்புறத்திலிருந்து முன் இருக்கையின் முதுகு வரை ஓர் அளவு. இரு பக்கத்துச் சக்கரக் குமிழ்களுக்கு நடுவே ஓர் அளவு. டிக்கி வாயின் அகலமும் உயரமும் மேலும் இரண்டு அளவுகள். முன் இருக்கையை எவ்விடத்தில் வைத்து அளக்கிறீர்கள் என்பது முக்கியம். சைக்கிளுக்கு இடம் வேண்டுமென்று ஓட்டுநர் இருக்கையை முன்னே தள்ளிவிடாதீர்கள். காற்றுப்பை உள்ள காரில் ஓட்டுநரின் மார்புக்கும் ஸ்டியரிங்கிற்கும் நடுவே குறைந்தது 25 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும்.

நீளம் போதவில்லை என்றால் மூலைவாட்டாக வைக்கலாம். 130 சென்டிமீட்டர் நீளமும் 100 சென்டிமீட்டர் அகலமும் உள்ள இடத்தின் மூலைவிட்டம் 164 சென்டிமீட்டர். ஆனால் சைக்கிள் ஒரு கோடு அன்று. அதற்கும் அகலம் உண்டு. ஆகவே அந்த 164இல் ஒரு நல்ல பகுதியைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

கழற்றும் முறை

தேவையானவை அதிகமில்லை. 15 மில்லிமீட்டர் ஸ்பேனர் ஒன்று, ஆலன் கீ தொகுதி ஒன்று, பழைய கைலிகள் இரண்டு மூன்று, ஒரு சாக்கு, அகலமான பட்டைக் கயிறு, கைதுடைக்கும் துணி. இவை போதும்.

முதலில் கியரை மாற்றி, பின்புறத்தில் உள்ள மிகச் சிறிய பல்சக்கரத்தில் சங்கிலி நிற்குமாறு செய்யுங்கள். அப்போதுதான் பின் சக்கரம் எளிதாகக் கழலும், திரும்பப் பொருத்துவதும் எளிது. ரப்பர்க் கட்டை பிரேக்காக இருந்தால் அதன் கம்பியை வளைவுக் குழாயிலிருந்து விடுவியுங்கள். இல்லையேல் பருத்த டயர் வெளியே வராது.

சக்கரம் இரு வகையாகப் பொருத்தப்பட்டிருக்கும். விலை குறைந்த சைக்கிள்களில் நட்டு இருக்கும். அதற்கு ஸ்பேனர் வேண்டும். மற்றவற்றில் கையால் திறக்கும் நெம்புகோல் இருக்கும். இத்தாலியச் சைக்கிள் வீரர் துல்லியோ கம்பாஞோலோவின் பெயரோடு இணைந்த இந்த அமைப்பு 1930களில் பரவியது. பந்தயத்தின் நடுவே கருவி எதுவுமின்றிச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும் என்பது அதன் நோக்கம். ஒரு பந்தய வீரரின் தேவை, இன்று ஒரு குடும்பத்தின் பயணத்திற்கு உதவுகிறது!

வட்டத்தகட்டு பிரேக்காக இருந்தால் மூன்று எச்சரிக்கைகளைக் கவனத்தில் கொள்ளுங்கள். ஓட்டி முடித்த உடனே தகட்டைத் தொடாதீர்கள், சூட்டில் கை வெந்துவிடும். எண்ணெய்க் கையால் தொடாதீர்கள், பிரேக் பிடிக்காது. எல்லாவற்றிற்கும் மேலாக, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பிரேக்கில் சக்கரத்தைக் கழற்றிய பின் கைப்பிடியை அழுத்தவே கூடாது. அழுத்தினால் உள்ளிருக்கும் இரு கட்டைகளும் ஒன்றோடொன்று நெருங்கிவிடும். தகடு மீண்டும் உள்ளே நுழையாது. தடித்த அட்டை ஒன்றை மடித்து அந்த இடைவெளியில் செருகி வைத்தால் இந்தத் தொல்லை வராது.

அடுத்து பெடல். அகலத்தைக் குறைக்க விரும்பினால் இதையும் கழற்றலாம். வலப் பெடலின் மரை வழக்கமானது. இடப் பெடலின் மரை தலைகீழானது. இதை அறியாமல் இடப் பெடலோடு மல்லுக்கட்டி மரையைக் கெடுத்தவர்கள் ஏராளம். ஓர் எளிய நினைவுக்குறிப்பு: ஸ்பேனரை மேல்நோக்கி நிறுத்திப் பின் சக்கரத்தின் பக்கமாகத் தள்ளினால் இரு பெடல்களும் கழலும், முன் சக்கரத்தின் பக்கமாகத் தள்ளினால் இரண்டும் இறுகும்.

இருக்கைத் தண்டைக் கீழே இறக்குமுன், அது எந்த உயரத்தில் இருந்தது என்பதற்கு ஒட்டுநாடாவால் அடையாளம் இட்டுக்கொள்ளுங்கள். ஹேண்டில்பார் பழைய சைக்கிள்களில் 60 சென்டிமீட்டர் அளவில் இருந்தது. இப்போது 70 முதல் 80 சென்டிமீட்டர் வரை அகன்றுவிட்டது. அதைத் திருப்பி வைக்க, பக்கவாட்டில் உள்ள இரண்டு திருகுகளை மட்டும் தளர்த்தினால் போதும். உச்சியில் உள்ள திருகைத் தொட வேண்டாம்.

ஏற்றும் முறை

மடக்கிய சீட்டின்மேல் பழைய போர்வையோ கைலியோ விரித்துவிடுங்கள். சங்கிலிக் கறை துணியில் பட்டால் எளிதில் போகாது என்பதைத் துவைத்து அலுத்த நம் வீட்டுப் பெண்களிடம் கேட்டால் சொல்வார்கள். சங்கிலியைச் சாக்கினால் சுற்றுங்கள். கியர் மாற்றும் பொறி வலப்பக்கத்தில் இருப்பதால், சட்டத்தைப் படுக்க வைக்கும்போது வலப்பக்கம் மேலே இருக்கட்டும். அதன்மேல் எதையும் ஏற்ற வேண்டாம். சக்கரம் கழன்ற முன்கவையின் இரு முனைகளும் நெரிந்து வளையாமல் இருக்க நடுவே ஒரு மரத்துண்டை வைத்துக் கட்டுங்கள். புதுச் சைக்கிள் வரும் பெட்டியில் இதற்கென்றே ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். சைக்கிள் கடையில் கேட்டால் கிடைக்கக்கூடும்.

சக்கரங்களைத் தனியே துணியில் சுற்றி, பிரேக் தகடு மேற்புறமாக இருக்குமாறு வையுங்கள். படுக்கைச் சுருளைச் சட்டத்திற்கும் சக்கரத்திற்கும் நடுவே மெத்தையாக அடைத்துவிடுங்கள். கூரான எந்த முனையும் பின் கண்ணாடியைத் தொடக் கூடாது. அந்தக் கண்ணாடி பரந்த அழுத்தத்தைத் தாங்கும். ஒரே புள்ளியில் இடித்தால் நொறுங்கிப் போகும். பனி நீக்கும் மெல்லிய கம்பிகள் அதன் உட்புறத்தில் ஓடினால், உரசலில் அவையும் அறுந்துவிடும். எனவே டிக்கிக் கதவை ஒரேயடியாக அறைந்து மூடாமல், முதலில் மெதுவாக இறக்கி, பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு மூடுங்கள்.

பிறகு கட்டுதல். பின் சீட்டின் முதுகைப் பூட்டும் இரும்பு வளையமும், சீட் பெல்ட் காரின் தளத்தோடு இணையும் இடமும் உறுதியானவை. பட்டைக் கயிற்றைச் சைக்கிளின் சட்டத்தில், குறைந்தது இரண்டு இடங்களில், முன்னும் பின்னுமாக இறுக்கிக் கட்டுங்கள். ரப்பர்க் கயிறு இதற்கு உதவாது; பிரேக் போட்டால் அது நீளும். கட்டிய பின் கையால் பிடித்துக் குலுக்கிப் பாருங்கள். சைக்கிள் அசைந்தால் கட்டு போதாது. சைக்கிளோடு காரே அசைந்தால் கட்டு சரி.

எல்லாக் கார்களும் ஒன்றல்ல

பின் இருக்கையின் முதுகு ஒரே பலகையாக மடங்கும் கார்களில், சைக்கிள் ஏறினால் பின்னால் எவரும் அமர முடியாது. முன்னால் இருவர் மட்டுமே. சில வகைகளில் அந்த முதுகு அறுபதுக்கு நாற்பது என்று இரு பகுதிகளாக மடங்கும். பெரிய பகுதியை மட்டும் மடக்கிச் சைக்கிளை அங்கே வைத்தால், சிறிய பகுதியில் ஒருவர் சீட் பெல்ட் அணிந்து அமரலாம். கார் வாங்க நினைப்பவர்கள் இசைப்பெட்டியையும் சக்கர அழகையும் பார்ப்பதோடு இதையும் கேட்டு அறிந்துகொள்வது நல்லது.

ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 2001இல் ஃபிட் என்னும் காரில் வேறொரு வழி கண்டது. பெட்ரோல் தொட்டியைப் பின் இருக்கைக்கு அடியிலிருந்து முன் இருக்கைக்கு அடியில் மாற்றிவிட்டார்கள். அதனால் பின் இருக்கையின் அடிப்பலகை திரையரங்கு நாற்காலியைப் போல மேல்நோக்கி மடங்கும். முன் சக்கரம் கழற்றிய சைக்கிளை அந்த இடத்தில் நிமிர்த்தியே நிறுத்தலாம். நம் நாட்டில் ஜாஸ் என்ற பெயரில் வந்த அந்தக் காரின் விற்பனை 2023இல் முடிந்துவிட்டது. பழைய வண்டிச் சந்தையில் தேடுவோர் எல்லா வகையிலும் அந்த அமைப்பு இல்லை என்பதை நினைவில் கொள்ளவும்.

காரின் பின்புறத்திலோ கூரையிலோ சைக்கிள் தாங்கி பொருத்துவோரும் உண்டு. அதில் உள்ளே இடம் மிச்சமாகும். ஆனால் எண் பலகையையும் விளக்குகளையும் சைக்கிள் மறைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் சரக்கை வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டினால் 20,000 ரூபாய் அபராதம் என்பதும் நம் கவனத்தில் இருக்கட்டும்.

காரில் நான்கு பேர் செல்ல வேண்டும், சைக்கிளும் செல்ல வேண்டும் என்றால்? இயலாது என்று ஒப்புக்கொள்வதே அறிவுடைமை. ரயிலில் பிரேக் வேனில் சைக்கிளைப் பதிவு செய்து அனுப்பலாம். பார்சல் சர்வீஸ்களும் ஏற்றுக்கொள்கின்றன. ஒரு சைக்கிளுக்காக ஒரு பிள்ளையைச் சீட் பெல்ட் இன்றி மடியில் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் செல்வதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

அன்றிரவு முடிவானது

எங்கள் காரின் பின் இருக்கை இரு பகுதிகளாக மடங்கும் என்பது, வாங்கி இவ்வளவு காலமாகியும், அன்றிரவுதான் எனக்கு நினைவிற்கு வந்தது! நானும் மகனும் வாசலில் விளக்கைப் போட்டுக்கொண்டு இரு சக்கரங்களையும் கழற்றினோம். இடப் பெடலில் அவன் தடுமாறியபோது நான் சொல்லிக் கொடுத்தேன். பிரேக் இடுக்கில் அட்டை வைக்க நான் மறந்தபோது அவன் நினைவூட்டினான். நாற்பது நிமிடத்தில் சைக்கிள் பெரிய பகுதியில் அடங்கியது. பெட்டியையும் வாளியையும் பார்சலில் அனுப்ப முடிவு செய்தோம். சிறிய பகுதியில் ஓர் இருக்கை நிமிர்ந்து நின்றது.

மகன் அடுப்படிக்குச் சென்று, "உம்மா, உங்கள் இடம் தயார்" என்று சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! மகளை உம்மம்மாவிடம் விட்டுவிட்டு, பரமக்குடி, மதுரை, திண்டுக்கல், தாராபுரம் வழியாக முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தோம். உட்கண்ணாடியில் பின்புறம் சரியாகத் தெரியாததால், இரு பக்கக் கண்ணாடிகளையும் திருத்தி வைத்து, வேகத்தைக் குறைத்தே ஓட்டினேன். வழியில் இரண்டு முறை நிறுத்திக் கட்டுகளைச் சோதித்தேன். சைக்கிள் இருந்த இடத்தில் இருந்தது.

விடுதி வாசலில் மகன் சைக்கிளைப் பூட்டினான். இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள், வாசகர்களே! கழற்றும்போது காட்டிய கவனத்தை விடப் பூட்டும்போது இரு மடங்கு கவனம் வேண்டும். சக்கரம் கவையில் நேராக அமர்ந்திருக்கிறதா? நெம்புகோல், உள்ளங்கையில் தடம் பதியும் அளவிற்கு அழுத்தத்தோடு மூடியதா? விடுவித்த பிரேக் கம்பி மீண்டும் மாட்டப்பட்டதா? ஹேண்டில்பார் முன் சக்கரத்திற்குச் செங்குத்தாக நின்று இறுகியதா? இந்த நான்கையும் பார்க்காமல் ஏறி மிதிப்பவர், முதல் இறக்கத்திலேயே வருந்த நேரும். மகன் அவசரமாக ஏறப் போனான். "முன் பிரேக்கைப் பிடித்துப் பார்" என்றேன். பிடித்தான், பிடிக்கவில்லை. கம்பியை மாட்ட மறந்திருந்தான். நாக்கைக் கடித்துக்கொண்டு மாட்டினான்.

அவனுடைய உம்மா அறையைப் பார்த்தார். சன்னலைத் திறந்து காற்று வருகிறதா என்று பார்த்தார். பக்கத்துக் கட்டில் பையனின் ஊரை விசாரித்தார். பொட்டலத் தொதலை இருவருக்குமாகப் பங்கிட்டு வைத்தார். மகனின் கையில் ஒட்டியிருந்த சங்கிலிக் கறையைத் தம் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். திரும்பும் வழியில், "இனிக் கண்ணை மூடினாலும் அவன் எங்கே தூங்குகிறான் என்று எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னார். அந்த ஓர் இருக்கையை மடக்கியிருந்தால் இந்த நிம்மதி அவருக்குக் கிடைத்திருக்குமா?

சைக்கிளைக் காரில் ஏற்றுவது மிகச் சிறிய காரியந்தான். ஆனால் கொஞ்சம் அளந்து பார்க்கும் பொறுமையும், கருவியைக் கையில் எடுக்கும் முயற்சியும் இருந்தால், ஒருவரின் விருப்பத்திற்காக மற்றொருவர் வீட்டில் தங்க நேரும் நிலையைத் தவிர்க்கலாம். அடுத்த முறை உங்கள் வாசலில் சைக்கிளும் காரும் எதிரெதிரே நிற்கும்போது, முதலில் அளவு நாடாவை எடுங்கள். அதற்கும் முன்னால், பின் இருக்கையில் யார் அமரப் போகிறார் என்பதை முடிவு செய்யுங்கள். எஞ்சிய இடத்தில் சைக்கிள் அடங்கினால் ஏற்றுங்கள். அடங்காவிட்டால் ரயிலில் அனுப்புங்கள்.